நாளைக்கு ஆசிரியர் தினமா? மிஸ்ஸுக்கான பரிசை இன்றிரவே தயார் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆசிரியர் தினம் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தேதியில்தான் வருகிறது. ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான 1962ஆம் ஆண்டிலிருந்து, அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 5 மாறவே இல்லை. இருந்தும் பெரும்பாலான வீடுகளில் அது நினைவுக்கு வருவது 4ஆம் தேதி இரவு, பிள்ளை புத்தகப் பையை அடுக்கும்போதுதான். "நாளைக்கு மிஸ்ஸுக்கு ஏதாவது கொண்டுபோகணும்மா. எல்லாரும் கொண்டுவராங்க."

பதற வேண்டாம், ஓர் இரவு போதும். ஒரு மாதம் முன்பே ஆன்லைனில் தேடிப்பிடித்து வாங்கிய பீங்கான் கோப்பையும், மிஸ் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற ஏழெட்டுக் கோப்பைகளோடுதான் போய்ச் சேரப்போகிறது. கையில் இருக்கிற நேரத்தில் முதல் பத்து நிமிடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள், கடைக்கு அப்புறம் போகலாம். இந்த வழிகாட்டியின் சாரமே அதுதான்.

ஏப்ரலில் வகுப்பு முடிகிறபோதும், டீச்சர் மாற்றலாகிப் போகிறபோதும் இதே வழி பொருந்தும். இலங்கையில் அக்டோபர் 6, மலேசியாவில் மே 16, சிங்கப்பூரில் செப்டம்பர் மாத முதல் வெள்ளி என்று தேதி மாறலாம். முந்தின இரவுப் பரபரப்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

படி 1: முதலில் வாட்ஸ்அப் குழுவைப் பாருங்கள்

வகுப்புக் குழுவில் பள்ளியின் அறிவிப்பு ஏதாவது வந்திருக்கிறதா என்று மேலே தள்ளிப் பாருங்கள். பல தனியார் பள்ளிகள் பரிசே கூடாது என்கின்றன. சில பள்ளிகள் பிள்ளை கையால் செய்த வாழ்த்து அட்டைக்கு மட்டும் அனுமதி தருகின்றன. அப்படி இருந்தால் வேலை மிச்சம், நேராகப் படி 4க்குப் போய்விடலாம். தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். 2026இல் செப்டம்பர் 5 சனிக்கிழமை. இந்த மாதிரி ஆண்டுகளில் விழாவை முன்கூட்டியே வைத்துவிடுவார்கள்.

பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973இன்படி அன்பளிப்பு வாங்குவதில் கட்டுப்பாடு உண்டு. ஒரு பேனாவையோ வாழ்த்து அட்டையையோ யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. விலை ஏற ஏற டீச்சருக்குத்தான் சங்கடம். இங்கே வகுப்பறைக்குப் பயன்படுகிற பொருளாகக் கொடுத்துவிடுவது இரண்டு தரப்புக்கும் நிம்மதி: வண்ணச் சாக்பீஸ் ஒரு டப்பா, சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும், வகுப்பில் வைத்துப் படிக்க இரண்டு கதைப் புத்தகம். வகுப்பில் கடிகாரம் நின்றுபோய்க் கிடக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள். கிடந்தால் ஒரு பேட்டரி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள், அதைவிட நல்ல பரிசு சுலபத்தில் கிடைக்காது. பெரிய தொகையில் ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை தருவதற்கென்றே 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. டீச்சர் கையில் கவரைத் திணிக்கவே கூடாது.

படி 2: யார் யாருக்கு?

எல்கேஜி, யுகேஜி என்றால் கணக்கு எளிது: மிஸ் ஒருவர், ஆயாம்மா ஒருவர். ஆயாம்மாவை விட்டுவிடாதீர்கள். அந்த வயதில் பாத்ரூம் கூட்டிப்போவது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தருவது, அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொள்வது எல்லாம் அவர்தான். மிஸ்ஸுக்குக் கொடுக்கிற அதே தரத்தில், அதே மாதிரிப் பொதிந்து அவருக்கும் கொடுங்கள். மிச்சம் மீதியைத் தள்ளிவிட்டது போலத் தெரியக் கூடாது.

ஆறாம் வகுப்புக்கு மேல் பாடத்துக்கு ஒருவர் என்று ஏழெட்டுப் பேர் ஆகிவிடுவார்கள். எல்லாருக்கும் வாங்கக் கிளம்பினால் ஆளுக்கொரு மலிவான பொருளாகத்தான் முடியும். வகுப்பாசிரியருக்கு ஒன்று, பிள்ளைக்கு உண்மையிலேயே பிடித்த ஆசிரியருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு இரண்டு வரி எழுதிய அட்டை. இது போதும். பிடித்த ஆசிரியர் யார் என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். மார்க் போடுகிறவர் என்பதற்காக நீங்கள் கணக்கு சாரைச் சொல்லாதீர்கள். பி.டி. சார் என்று பிள்ளை சொன்னால் பி.டி. சார்தான். அந்த நாளில் பெரும்பாலும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர் அவர், நூலக ஆசிரியரும் அப்படித்தான்.

படி 3: பிள்ளையிடம் பத்து நிமிடம்

"மிஸ்ஸுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் "தெரியல" என்றுதான் பதில் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள். பிள்ளைகள் மிஸ்ஸை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்குத் தெரியாத எவ்வளவோ அவர்களுக்குத் தெரியும்.

மிஸ் எதில் வருவாங்க, பஸ்ஸா, ஸ்கூட்டியா? மத்தியானம் என்ன சாப்பிடுவாங்க? டீயா காபியா? தொண்டை கட்டிக்குமா? அவங்க மேசையில் எப்பவும் காணாமல் போறது எது? நீங்க என்ன செஞ்சா சிரிப்பாங்க? கடைசியா உன்னை எதுக்குப் பாராட்டினாங்க?

இதில் முதல் கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் பரிசைத் தீர்மானிப்பதில் பாதி அதுதான். செப்டம்பர் 5 மாலையில் டவுன் பஸ்ஸில் வீடு திரும்புகிற ஒரு டீச்சரை நினைத்துப் பாருங்கள். ஒரு தோளில் கைப்பை, இன்னொன்றில் திருத்த வேண்டிய நோட்டுக் கட்டு, கையில் நாற்பது ரோஜா, ஒரு கண்ணாடிப் பிள்ளையார், நான்கு கோப்பை, நின்றுகொண்டே பயணம். அதனால் நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: கைப்பைக்குள் அடங்காத எதையும் கொடுப்பதில்லை. ஸ்கூட்டியில் வருகிறவருக்கு இதைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

மற்ற பதில்களில் பரிசு தானாகவே வந்து நிற்கும். "மிஸ் எப்பவும் சிவப்புப் பேனாவைத் தேடிக்கிட்டே இருப்பாங்க" என்றால் சிவப்புப் பேனா. "மிஸ் வெறும் தயிர் சாதம்தான் கொண்டுவருவாங்க" என்றால் ஊறுகாயோ பொடியோ. "மிஸ் கத்திக் கத்தி குரலே போயிடுச்சு" என்றால் சுக்கும் பனங்கற்கண்டும். கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலைத் தனியாக ஒரு தாளில் குறித்துவையுங்கள். கடிதத்துக்கு அது வேண்டும்.

படி 4: கடிதம்தான் பரிசு

எந்தப் பொருளை வாங்கினாலும், வாங்காவிட்டாலும், இந்தப் படியை விடக் கூடாது. பேனா தீரும், பொடி தீரும். பிள்ளை எழுதிய அரைப் பக்கத்தை டீச்சர்கள் வருடக்கணக்கில் எடுத்து வைத்திருப்பார்கள்.

"நீங்கள்தான் உலகத்திலேயே சிறந்த ஆசிரியை" என்று அச்சடித்த அட்டைக்கு இந்த மதிப்பு கிடையாது. அதே வரியை முப்பது பிள்ளைகள் கொடுத்திருப்பார்கள். ஒரே ஒரு சம்பவம், அந்த வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் நடந்தது, வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"அன்புள்ள மிஸ், எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரவே வராது. நீங்க கை தட்டிச் சொல்லித் தந்தீங்க. இப்ப எனக்கு ஏழேழு நாப்பத்தொன்பதுன்னு தூக்கத்தில கேட்டாலும் தெரியும். நான் மழையில நனைஞ்சு வந்தப்ப உங்க துண்டால தலை துவட்டி விட்டீங்க. நன்றி மிஸ்."

நீங்கள் வாக்கியம் சொல்லிப் பிள்ளை எழுதக் கூடாது. கேள்வி கேளுங்கள், பிள்ளை சொல்கிறதை அப்படியே எழுதவிடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். பிழை திருத்திய கடிதம் அம்மா எழுதிய கடிதம் என்று டீச்சருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். தமிழம்மாவுக்கு எழுதுகிற கடிதம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, ஒற்றுப்பிழையைப் பார்த்தால் அவர் கை தானாகச் சிவப்பு மைக்குப் போகும். அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் செய்வார், விடுங்கள்.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளை படம் வரையட்டும். படத்தில் யார் மிஸ், யார் நான், அந்த ஊதா நிறப் பிராணி என்ன என்று பிள்ளை சொல்கிறதை நீங்கள் கீழே சின்ன எழுத்தில் குறியுங்கள், பெயரும் தேதியும் சேர்த்து. மேல்நிலை வகுப்புப் பையன்கள் "இதெல்லாம் எழுத மாட்டேன்" என்பார்கள். அவர்களிடம் மூன்று வரி போதும் என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

படி 5: கடிதத்தோடு வைக்க ஒரு பொருள்

*கடை திறந்திருக்கிறது என்றால்*

பக்கத்து ஸ்டேஷனரிக் கடையே முதல் இடம். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு என்றாலும் ஒரு தடவைக்கு 40 நோட்டு திருத்த வேண்டும். சிவப்புப் பேனாவை டீச்சர்கள் பெரும்பாலும் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். நன்றாக எழுதுகிற சிவப்பு ஜெல் பேனா ஐந்து, அல்லது ரெனால்ட்ஸ் மாதிரி பால்பாயிண்ட் ஒரு பெட்டி, நூறு ரூபாய்க்கு முன்பின்னாக முடிந்துவிடும். தங்க முலாம் பூசிய ஒற்றைப் பேனாவைவிட இது எவ்வளவோ மேல், அது பெட்டியிலேயே இருந்துவிடும். பச்சை மை வேண்டாம். பல பள்ளிகளில் அது தலைமையாசிரியர் கையெழுத்துக்கு.

ரப்பர் ஸ்டாம்ப் கடை ஒன்று கோர்ட்டுப் பக்கமோ பத்திரப் பதிவு அலுவலகத்துப் பக்கமோ கட்டாயம் இருக்கும். மை உள்ளேயே இருக்கிற ஸ்டாம்ப்பைப் பல கடைகளில் ஓரிரு மணி நேரத்தில் செய்து தருவார்கள், சில நூறு ரூபாய் ஆகும். "மிக நன்று" என்று எல்லாரும் அடிப்பார்கள். நான் சொல்வது "பெற்றோர் கையொப்பம் தேவை" என்று ஒன்று. டீச்சர் ஒரு நாளில் அதிகம் எழுதிச் சலித்துப்போகிற வாசகம் அதுவாகத்தான் இருக்கும். சின்ன வகுப்பு மிஸ் என்றால் நட்சத்திரமும் சிரித்த முகமும் போட்ட ஸ்டிக்கர் தாள்கள் பத்து.

தொண்டை கட்டுகிற டீச்சருக்கு நாட்டு மருந்துக் கடை. சுக்குமல்லிக் காபித் தூள் ஒரு பாக்கெட், பனங்கற்கண்டு நூறு கிராம், இரண்டையும் சின்னப் பாட்டிலில் மாற்றிக் கொடுங்கள். டீச்சருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தால் கற்கண்டை விட்டுவிடுங்கள். பனையிலிருந்து வந்தாலும் அதுவும் சர்க்கரைதான். அதிமதுரமும் தொண்டைக்கு நல்லது என்று கடைக்காரர் சேர்த்துக்கொடுப்பார். ரத்தக் கொதிப்பு இருப்பவர்களுக்கு அது ஆகாது, எனவே வேண்டாம்.

இனிப்பு வாங்கியே தீருவேன் என்றால், ஸ்டாஃப் ரூமில் பிரிட்ஜ் இருக்காது என்பதை மறக்காதீர்கள். பால்கோவா காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை மேசை மேல் கிடந்தால் என்ன ஆகும்? கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்குங்கள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம், எறும்பு வராமல் மூடினால் நாள்கணக்கில் தாங்கும், பிரித்து மற்ற டீச்சர்களுக்கும் கொடுக்கலாம்.

நேரம் இருந்து புத்தகக் கடைக்குப் போக முடிந்தால் பாரதி புத்தகாலயம், நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்றோர் போடுகிற மெல்லிய சிறுவர் புத்தகங்களில் இரண்டு எடுங்கள். முதல் பக்கத்தில் "3-ஆ வகுப்பு நூலகத்துக்கு, அன்புடன்" என்று எழுதிப் பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மிஸ்ஸுக்கு வேண்டியது பெரும்பாலும் மிஸ்ஸின் வகுப்புக்கு வேண்டியதுதான்.

சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட் என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறார்கள். பேனாவுக்கும் ஸ்டிக்கருக்கும் சரி. அந்த ஆப்பில் 'கிஃப்ட்' என்று மட்டும் தேடாதீர்கள், மறுபடியும் கோப்பைதான் வரும்.

*கடையெல்லாம் மூடிவிட்டது என்றால்*

எனக்குப் பிடித்த சூழ்நிலை இதுதான், ஏனென்றால் விடை அடுப்படியில் இருக்கிறது. காலையில் ஆறு மணிக்குச் சமைத்து, தன் பிள்ளைகளைக் கிளப்பி, எட்டு மணிக்குப் பள்ளியில் நிற்கிற ஒருவருக்கு ஒரு பாட்டில் பருப்புப்பொடி என்பது ஒரு வாரக் காலை நிம்மதி. சாருக்குக் கொடுத்தாலும் அதே மரியாதைதான்.

துவரம்பருப்பு ஒரு கப், பொட்டுக்கடலை கால் கப், காய்ந்த மிளகாய் ஆறு, மிளகு ஒரு டீஸ்பூன், ஒரு கட்டிப் பெருங்காயம், கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, உப்பு. எண்ணெய் விடாமல் துவரம்பருப்பைச் சிறுதீயில் பொன்னிறமாக வறுங்கள், வாசனை வந்ததும் இறக்குங்கள். மிளகாய், மிளகு, பெருங்காயத்தைத் தனியாக வறுங்கள். கறிவேப்பிலை கையில் நொறுங்குகிற பதத்துக்கு வர வேண்டும். பொட்டுக்கடலைக்குச் சூடு காட்டினால் போதும். எல்லாவற்றையும் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துப் பொடி சீக்கிரம் கெட்டுவிடும். ஆறியதும் உப்பு சேர்த்துக் கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைத்து, துடைத்துக் காயவைத்த பாட்டிலில் போடுங்கள். பூண்டு வேண்டாம், சிலர் சாப்பிட மாட்டார்கள். மொத்தம் அரைமணி, முக்கால் மணி நேரம். ஆறுகிற நேரத்தில் பிள்ளை கடிதத்தை முடித்துவிடும்.

பாட்டில் மேல் ஒட்ட, ஜூன் மாதம் நோட்டுக்கு அட்டை போட்டபோது மிஞ்சிய லேபிள் வீட்டில் எங்காவது இருக்கும். பெயர் என்ற இடத்தில் "பருப்புப்பொடி", வகுப்பு என்ற இடத்தில் பிள்ளையின் வகுப்பு, பாடம் என்ற இடத்தில் "சூடான சாதம், நெய்" என்று பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கீழே அரைத்த தேதி. மிஸ் சிரித்துவிடுவார் என்பதற்கு நான் உத்தரவாதம்.

அடுப்பு மூட்டத் தெம்பில்லையா? மொட்டை மாடித் தொட்டியில் கற்பூரவல்லி இருந்தால் ஒரு விரல் நீளக் கொப்பு ஒடித்து, சின்ன டப்பாவில் மண் போட்டு நட்டுவிடுங்கள். அது எப்படிப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும், இருமலுக்கும் ஆகும். மணி பிளான்ட் என்றால் கணு இருக்கிற கொடித் துண்டு ஒன்று, கழுவிய ஜாம் பாட்டில் ஒன்று. தண்ணீரைக் காலையில் பள்ளிக்குப் போன பிறகு பிள்ளையே ஊற்றட்டும். வேனில் சிந்தினால் கடிதமும் போச்சு.

*காலையில்தான் தெரிந்தது என்றால்*

வேன் வர இருபது நிமிடம் இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாள், ஒரு கேள்வி: "மிஸ் உனக்குச் செஞ்சதுல உனக்குப் பிடிச்சது எது?" பிள்ளை அதை எழுதட்டும், நீங்கள் தலை பின்னிவிடுங்கள். பொருள் எதுவும் வேண்டியதில்லை.

படி 6: பொதிவது

ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் உறை எதுவும் தேவையில்லை. அட்டை போடுகிற பிரவுன் ஷீட்டும் ஒரு சணல் நூலும் போதும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். புது மஞ்சப்பை ஒன்று வீட்டில் இருந்தால் அதில் போட்டுவிடுங்கள், அதுவும் பரிசில் சேர்ந்துவிடும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்த பிறகு அதைக் கையில் எடுத்துப் போக யாரும் கூச்சப்படுவதில்லை. விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். பிள்ளையின் பெயரும் வகுப்பும் வெளியே தெரிகிற மாதிரி எழுதுங்கள், மாலையில் மேசை மேல் குவிந்து கிடக்கும்போது எது யாருடையது என்று தெரிய வேண்டாமா?

வாங்கவே கூடாதவை

பணமும் கிஃப்ட் கார்டும் வேண்டாம், அது வேறு அர்த்தம் எடுத்துவிடும். சேலை, வளையல், சென்ட் எல்லாம் அவரவர் ரசனை, டீச்சருக்குப் பிடிக்குமா என்று நமக்குத் தெரியாது. சாமி படம், பிரசாதம் கொடுக்கும் முன் டீச்சர் எந்த மதம் என்று யோசியுங்கள். அதே மதமாக இருந்தாலும் அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் இடம் இருக்க வேண்டுமே. மல்லிகைப் பூ கொடுப்பது அழகுதான், ஆனால் தலையில் வைத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்களை எல்லார் முன்னாலும் விளக்கம் சொல்ல வைக்காதீர்கள். கைக்குட்டை கொடுத்தால் உறவு பிரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், எதற்கு வம்பு.

எல்லாரும் சேர்ந்து கொடுப்பதென்றால்

இரவு ஒன்பது மணிக்குக் குழுவில் ஒருவர் "ஆளுக்கு 300 போடலாம்" என்று ஆரம்பிப்பார். 50க்கு மேல் வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத நாலு பேர் உங்களுக்கு நன்றி சொல்வார்கள். 30 வீட்டில் 50 போட்டால் 1500. அதில் கைப்பைக்குள் மடங்குகிற நல்ல குடை ஒன்று வாங்கலாம், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரம்தான். மிச்சத்துக்கு வகுப்புக்குப் புத்தகம். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்ற பட்டியலைக் குழுவில் போடவே கூடாது. அட்டையில் வகுப்பில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்க வேண்டும், பணம் போடாத வீட்டுப் பிள்ளை உட்பட.

படி 7: கொடுக்கிற நேரம்

பிரேயர் முடிந்து கூட்டமாக நிற்கும்போது வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். இன்டர்வெலிலோ சாப்பாட்டு நேரத்திலோ கொடுத்தால் மிஸ் பிரித்துப் பார்க்க முடியும், வெறுங்கையோடு வந்த பிள்ளைக்கும் உறுத்தாது. "என்னோடதுதான் பெருசு" என்கிற பேச்சு வராமல் முந்தின இரவே பேசிவையுங்கள். அன்றைக்கு மிஸ் லீவு என்றால் அடுத்த வேலைநாளில் கொடுக்கலாம். கூட்டத்தில் ஒன்றாக இல்லாமல் தனியாகப் போய்ச் சேரும், ஒருவகையில் அதுவே நல்லது.

பெற்றோராக உங்கள் பங்கு ஒன்று பாக்கி இருக்கிறது, அதற்கு அடுத்த வாரம் வரை நேரம் உண்டு. தலைமையாசிரியருக்கோ பள்ளி முதல்வருக்கோ நாலு வரி எழுதுங்கள்: இன்ன வகுப்பு, இன்ன டீச்சர், என் பிள்ளை வாய்விட்டு வாசிக்கப் பயந்தது, இப்போது தானாகக் கை தூக்குகிறது. பெற்றோரிடமிருந்து முதல்வர் மேசைக்குப் பெரும்பாலும் புகார்தான் வரும். ஆண்டுக்கு ஆண்டு சம்பள உயர்வு நிர்வாகத்தின் கையில் இருக்கிற தனியார் பள்ளி டீச்சர்களுக்கு, எழுத்தில் வந்த ஒரு பாராட்டு எந்தப் பரிசுப் பெட்டியைவிடவும் உதவும். மின்னஞ்சலாக அனுப்புங்கள், டீச்சருக்கும் ஒரு நகல் போகட்டும்.